‘மார் டுல்சே’ வரை: டேங்கோ இசையில் ராக், ஜாஸ், மின்னணு இசை கலந்த வரலாறு

‘மார் டுல்சே’ 2007ஆம் ஆண்டில் வெளிவந்த இசைத்தொகுப்பு. அர்ஜென்டினாவையும் உருகுவேயையும் சேர்ந்த எட்டுக் கலைஞர்கள் கொண்ட பாஹோஃபோந்தோ குழுவின் இரண்டாவது படைப்பு இது. டேங்கோவுக்கே உரிய பந்தோனியான், வயலின், பியானோ, டபுள் பாஸ் ஆகியவற்றோடு ராக் இசையின் டிரம்ஸும் மின்கிதாரும், ஜாஸ் சாயல் கொண்ட ஒத்திசைவும், ஹிப்-ஹாப் பாடல் முறையும், கணினியில் தொகுத்த மின்னணு ஒலிகளும் இதில் இடம்பெறுகின்றன. ‘எலக்ட்ரோ டேங்கோ’ என்ற வகைப்பெயரின் கீழ் இத்தொகுப்பு பெரும்பாலும் வைக்கப்படுகிறது. ஆனால் இதிலுள்ள கலப்பு 2000ஆம் ஆண்டையொட்டித் திடீரென முளைத்ததன்று. 1955 முதல் படிப்படியாக வளர்ந்தது. அந்த வளர்ச்சியின் கட்டங்களையும், அதில் ‘மார் டுல்சே’ எட்டிய இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

டிரம்ஸ் இல்லாத தாளம்

டேங்கோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரியோ தெ லா பிளாட்டா கழிமுகத்தின் இரு கரைகளிலும், அதாவது புவெனஸ் அயர்ஸிலும் மான்டிவிடியோவிலும் உருவானது. ஆப்பிரிக்க வம்சாவளியினரின் காந்தோம்பே, கியூபாவிலிருந்து வந்த ஹபநேரா, நாட்டுப்புற மிலோங்கா, ஐரோப்பியக் குடியேறிகள் கொண்டுவந்த போல்கா, மசூர்கா ஆகிய அனைத்தும் அதன் பிறப்பில் பங்குபெற்றன. டேங்கோவின் அடையாளமாகவே மாறிய பந்தோனியானும் வெளியிலிருந்து வந்ததுதான். 1840களில் ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரில் ஹைன்ரிக் பாண்ட் விற்பனைக்குக் கொண்டுவந்த துருத்திக் கருவி அது. அதன் ஒரே பொத்தான் துருத்தியை விரிக்கும்போது ஒரு சுரத்தையும் சுருக்கும்போது வேறொரு சுரத்தையும் தரும். கற்பதற்குக் கடினமான இக்கருவி, தாய்நாட்டைவிடத் தென் அமெரிக்காவில்தான் பெரும்புகழ் பெற்றது.

1924இல் ஹூலியோ தெ காரோ அமைத்த ஆறு பேர் குழு, டேங்கோவை நடனத்துக்கான பின்னணி என்ற நிலையிலிருந்து கேட்பதற்கான இசையாகவும் உயர்த்தியது. 1935 முதல் 1955 வரையிலான காலம் டேங்கோவின் பொற்காலம் எனப்படுகிறது. ஹுவான் தாரியென்சோ, கார்லோஸ் தி சார்லி, அனிபால் த்ரோய்லோ, ஓஸ்வால்தோ புக்லியேசே ஆகியோரின் பெருங்குழுக்கள் நடன அரங்குகளையும் வானொலியையும் நிறைத்தன. ‘ஒர்கெஸ்தா திப்பிகா’ எனப்பட்ட இக்குழுக்களில் பந்தோனியான் வரிசை, வயலின் வரிசை, பியானோ, டபுள் பாஸ் ஆகியவை இருந்தன; தாளக் கருவிக்குப் பொதுவாக இடமில்லை.

தாளம் இல்லாத இசையன்று அது. தாளத்தை எல்லாக் கருவிகளும் பகிர்ந்துகொண்டன. பந்தோனியான் நான்கு அடிகளையும் வெட்டி வெட்டி அழுத்தியது. பியானோவின் இடக்கையும் டபுள் பாஸும் அடுத்த அடிக்குள் இழுத்துச் செல்லும் ‘அர்ராஸ்த்ரே’ என்ற உத்தியைக் கையாண்டன. வயலின் கலைஞர்கள் கருவியின் பாலத்துக்குப் பின்புறம் வில்லை உராய்த்துச் சில்வண்டு போன்ற ஓசை எழுப்பினர். பிற்காலக் கலப்பு முயற்சிகள் அனைத்தும் எதிர்கொண்ட சிக்கல் இங்கேதான் இருக்கிறது: தாளத்தைத் தானே சுமக்கும் இசைக்குள் டிரம்ஸையோ தாள இயந்திரத்தையோ நுழைத்தால், பழைய கருவிகள் என்ன செய்வது? பந்தோனியான் வெறும் அலங்காரமாகச் சுருங்கிவிடக் கூடாது என்பதே ஒவ்வொரு தலைமுறையும் தீர்க்க வேண்டியிருந்த கணக்கு.

பியாசோலாவின் முதல் உடைப்பு

இந்தக் கணக்கை முதலில் கையிலெடுத்தவர் ஆஸ்டர் பியாசோலா. 1921இல் மார் தெல் பிளாட்டாவில் பிறந்து, இளமையை நியூயார்க்கில் கழித்த அவர், டேங்கோவோடு ஜாஸையும் பாக்கின் இசையையும் கேட்டு வளர்ந்தார். த்ரோய்லோ குழுவில் பந்தோனியான் வாசித்துக்கொண்டே அல்பெர்த்தோ கினாஸ்தேராவிடம் செவ்வியல் இசை பயின்றார். 1954இல் பாரிஸ் சென்று நாடியா பூலாஞ்சேயிடம் மாணவரானபோது, தமது டேங்கோப் பின்னணியை மறைக்கவே விரும்பினார். அவரது டேங்கோ ஒன்றைக் கேட்ட பூலாஞ்சேதான், அவரது உண்மையான குரல் அதிலே இருப்பதை எடுத்துக்காட்டினார்.

1955இல் நாடு திரும்பிய பியாசோலா ‘ஒக்தேத்தோ புவெனஸ் அயர்ஸ்’ என்ற எட்டுப் பேர் குழுவைத் தொடங்கினார். இரண்டு பந்தோனியான், இரண்டு வயலின், செல்லோ, டபுள் பாஸ், பியானோ ஆகியவற்றோடு ஒராசியோ மல்விசினோவின் மின்கிதாரும் சேர்ந்தது. ஜாஸ் கலைஞரான மல்விசினோவுக்கு எழுதப்பட்ட இசைக்கு இடையே கற்பனையாக வாசிக்கும் சுதந்திரமும் அளிக்கப்பட்டது. டேங்கோ மரபுவாதிகள் இதைக் கடுமையாக எதிர்த்தனர். நடனமாட முடியாத இசை டேங்கோவே அன்று என்பது அவர்கள் வாதம்.

1960இல் அமைந்த ஐவர் குழுவில் பியாசோலாவின் பாணி முழுமை பெற்றது. எட்டு அரையடிகளை 4-4 எனப் பிரிக்காமல் 3-3-2 எனப் பிரித்து அழுத்தம் கொடுப்பது அவரது முத்திரையானது. மிலோங்காவிலும் ஹபநேராவிலும் வேர்கொண்ட இந்தப் பிரிப்பு, டிரம்ஸ் இல்லாமலேயே டேங்கோவுக்குப் புதிய உந்துவிசை தந்தது. பிற்காலத்தில் மின்னணுத் தாளத்தோடு டேங்கோவை இணைத்தவர்களுக்குக் கைகொடுத்ததும் இதுவே. இடையறாத நேரடித் தாளத்தின் மீது 3-3-2 அழுத்தம் விழும்போது இரண்டும் மோதாமல் ஒன்றையொன்று உந்துகின்றன.

1974இல் இத்தாலியின் மிலான் நகரில் பதிவான ‘லிபர்டேங்கோ’ தொகுப்பில் பியாசோலா அடுத்த அடியை எடுத்து வைத்தார். டிரம்ஸ், மின்பேஸ், ஆர்கன் ஆகியவை அதில் இடம்பெற்றன. அதே ஆண்டில் அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜெர்ரி மல்லிகனோடு இணைந்து ஒரு தொகுப்பை வெளியிட்டார். அதன்பின் உருவாக்கிய மின்னணு எண்மர் குழுவில் அவர் மகன் டேனியல் சிந்தசைசர் வாசித்தார். ராக் இசை கேட்டு வளரும் இளைஞர்களை எட்டும் நோக்கம் இந்தக் குழுவுக்கு இருந்தது. ஆனால் அது நெடுநாள் நீடிக்கவில்லை. 1978இல் பியாசோலா மீண்டும் ஐவர் குழுவுக்கே திரும்பினார். 1992இல் அவர் மறைந்தபோது ஜாஸ் கலப்பு டேங்கோவில் நிலைபெற்றிருந்தது. மின்னணுக் கலப்பு மட்டும் பாதியில் நின்றிருந்தது.

ராக் தலைமுறையும் ஆற்றின் மறுகரையும்

1967இல் லாஸ் காத்தோஸ் குழு ஸ்பானிஷ் மொழியில் பாடிய ‘லா பால்சா’ பெற்ற வெற்றியோடு அர்ஜென்டினாவின் சொந்த ராக் இசை தொடங்கியதாகக் கொள்வது வழக்கம். அந்தத் தலைமுறைக்கு டேங்கோ பெற்றோரின் இசை. பியாசோலா மட்டுமே விதிவிலக்கு. அவரது துணிவு ராக் கலைஞர்களை ஈர்த்தது. லூயிஸ் அல்பெர்த்தோ ஸ்பினெத்தாவின் இன்விசிப்லே குழு 1976இல் வெளியிட்ட ‘எல் ஹர்தின் தெ லாஸ் பிரெசெந்தேஸ்’ தொகுப்பில் பந்தோனியான் ஒலித்தது. அதே காலத்தில் பந்தோனியான் கலைஞர் ரொதோல்ஃபோ மெதேரோஸ் ‘ஹெனெராசியோன் செரோ’ என்ற குழுவின் வழியே டேங்கோ, ஜாஸ், ராக் மூன்றையும் இணைக்க முயன்றார். 1976 முதல் 1983 வரை நீடித்த இராணுவ ஆட்சி இத்தகைய முயற்சிகளை முடக்கியது. கலைஞர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர்.

உருகுவேயில் கலப்பு வேறொரு வழியில் சென்றது. 1960களின் பிற்பகுதியில் எடுவார்தோ மத்தேயோ, ரூபன் ராதா ஆகியோரைக் கொண்ட எல் கின்தோ குழு, காந்தோம்பேயின் மூவகை முரசுகளின் தாளத்தை ராக் இசையோடு பிணைத்தது. டேங்கோவின் பிறப்பில் பங்குகொண்டு பின்னர் அதிலிருந்து மறைந்துபோன ஆப்பிரிக்கத் தாளம், மான்டிவிடியோவின் இளைஞர் இசையில் உயிரோடிருந்தது. பாஹோஃபோந்தோவின் இசையைப் புரிந்துகொள்ள இந்த மறுகரை வரலாறும் தேவை.

இவ்விரு கரைகளையும் பின்னாளில் இணைத்தவர் கஸ்தாவோ சாந்தாவோலாயா. 1951இல் புவெனஸ் அயர்ஸ் மாகாணத்தில் பிறந்த இவர், பதின்பருவத்திலேயே ஆர்கோ ஐரிஸ் குழுவைத் தொடங்கி, ஆண்டிய மலைப்பகுதி நாட்டார் இசையை ராக்கோடு கலந்தார். 1978இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் குடியேறினார். பின்னர் லியோன் ஹியேகோவுடன் அர்ஜென்டினாவின் தென்கோடி முதல் வடகோடி வரை பயணம் செய்து, வட்டாரக் கலைஞர்களை அவரவர் ஊரிலேயே பதிவுசெய்யும் திட்டத்தில் பங்கேற்றார். மெக்சிகோவின் கஃபே தகூபா முதலிய குழுக்களின் தயாரிப்பாளராகப் புகழ்பெற்றார். ஒரு நாட்டின் ராக் இசை அந்நாட்டு மண்ணின் ஒலியைக் கொண்டிருக்க வேண்டும் என்பது அவரது தயாரிப்புகள் அனைத்திலும் தென்படும் கொள்கை.

பாரிஸிலிருந்து ஒரு திருப்பம்

மின்னணு டேங்கோவை உலகறியச் செய்தது பாரிஸில் உருவான கோத்தான் ப்ராஜெக்ட். பிரான்சின் பிலிப் கோயன் சோலால், சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டோஃப் முல்லர், அர்ஜென்டினாவின் கிதார் கலைஞர் எடுவார்தோ மகாரோஃப் ஆகிய மூவரும் 1999இல் ஒன்றிணைந்தனர். 2001இல் வெளிவந்த ‘லா ரெவாஞ்சா தெல் டேங்கோ’ தொகுப்பில், மெதுவான மின்னணுத் தாளத்தின் மீது நினி ஃப்ளோரெஸின் பந்தோனியானும் கஸ்தாவோ பெய்தெல்மானின் பியானோவும் நேரடியாக வாசிக்கப்பட்டன. பெய்தெல்மான் 1977இல் பியாசோலாவின் மின்னணுக் குழுவோடு ஐரோப்பியப் பயணத்தில் வாசித்தவர். பாதியில் நின்ற பழைய முயற்சிக்கும் புதிய அலைக்கும் இடையே அவர் ஒரு நேரடிக் கண்ணி. பியாசோலாவின் ‘வுவெல்வோ அல் சுர்’ பாடலும் இத்தொகுப்பில் புதுவடிவம் பெற்றது.

இதே காலத்தில் அர்ஜென்டினா கடும் பொருளாதார நெருக்கடியில் சிக்கியது. 2001 டிசம்பரில் அரசு கவிழ்ந்தது. 1991 முதல் ஒரு டாலருக்கு ஒரு பெசோ என நிலைநிறுத்தப்பட்டிருந்த மதிப்பு 2002 தொடக்கத்தில் கைவிடப்பட்டது. பெசோவின் வீழ்ச்சியால் வெளிநாட்டுப் பயணிகளுக்குப் புவெனஸ் அயர்ஸ் மலிவான நகரமானது. டேங்கோ வகுப்புகளும் நடன அரங்குகளும் பெருகின. உள்ளூர் இளைஞர்களும் தங்கள் நகரத்தின் இசையை மீண்டும் தேடினர். 2003இல் டாங்கெத்தோ குழுவின் ‘எமிக்ராந்தே’ தொகுப்பும், கார்லோஸ் லிபெதின்ஸ்கியின் ‘நார்கோடேங்கோ’ தொகுப்பும் வெளிவந்தன. பின்னது நடனக்காரர்களை மனத்தில் கொண்டு உருவானது. ஆட முடியாத டேங்கோ என்று பியாசோலா மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுக்கு, மின்னணுத் தலைமுறை நடன அரங்கிலேயே பதில் தந்தது எனலாம்.

தொகுப்பறையிலிருந்து மேடைக்கு

சாந்தாவோலாயாவும் உருகுவே இசைத் தயாரிப்பாளர் ஹுவான் கம்போதோனிகோவும் சேர்ந்து தொடங்கியதே பாஹோஃபோந்தோ. கம்போதோனிகோ மான்டிவிடியோவின் எல் பெயோத்தே அசெசீனோ என்ற ராக்-ராப் குழுவைச் சேர்ந்தவர். அக்குழுவின் ‘தெர்ராஹா’ தொகுப்பைத் தயாரித்தவர் சாந்தாவோலாயா. 2002இல் வெளிவந்த முதல் தொகுப்பும், அப்போதைய குழுவும் ‘பாஹோஃபோந்தோ டேங்கோ கிளப்’ என்ற ஒரே பெயரைக் கொண்டிருந்தன.

முதல் தொகுப்பு அடிப்படையில் தொகுப்பறைத் திட்டம். பழைய டேங்கோ ஒலிப்பதிவுகளின் துணுக்குகளை வெட்டியெடுத்து, அவற்றைச் சுழலவிட்டு, அவற்றின்மேல் தாளத்தை அடுக்கும் முறை அதில் முதன்மை பெற்றது. அழைப்பின் பேரில் வந்த கலைஞர்கள் ஒவ்வொரு பாடலுக்கும் பங்களித்தனர். டேங்கோ பாடகி அத்ரியானா வரேலா ‘பெர்ஃபூமே’ பாடலைப் பாடினார். 2003இல் இத்தொகுப்பு லத்தீன் கிராமி விருது பெற்றது.

விருதுக்குப் பின் நிகழ்ச்சிகளுக்கான அழைப்புகள் குவிந்தன. மேடையில் வாசிக்க நிலையான குழு தேவைப்பட்டது. லூசியானோ சூபர்வியெல் பியானோவையும் இசைத்தட்டுச் சுழற்றலையும், ஹவியேர் கசாயா வயலினையும், மார்ட்டின் ஃபெர்ரேஸ் பந்தோனியானையும், கேப்ரியல் கசாகுபெர்தா பேஸ் கருவிகளையும், ஏட்ரியன் சோசா டிரம்ஸையும் ஏற்றனர். வெரோனிகா லோசா மேடைத்திரையின் காட்சிகளை நிகழ்ச்சியின்போதே இயக்கியதோடு பாடவும் செய்தார். பல ஆண்டு மேடை அனுபவம் திட்டத்தைக் குழுவாக மாற்றியது. இடைப்பட்ட காலத்தில் சாந்தாவோலாயா ‘புரோக்பேக் மவுன்டன்’, ‘பாபேல்’ ஆகிய படங்களின் இசைக்காக அடுத்தடுத்து இரண்டு ஆஸ்கர் விருதுகள் பெற்றதால், இரண்டாவது தொகுப்பின் மீது உலகக் கவனம் திரும்பியது.

‘மார் டுல்சே’யின் இசையமைப்பு

இரண்டாவது தொகுப்பு வெளிவந்தபோது குழு தன் பெயரிலிருந்து ‘டேங்கோ கிளப்’ என்ற பகுதியை நீக்கிவிட்டது. தங்கள் இசை எலக்ட்ரோ டேங்கோ அன்று, ரியோ தெ லா பிளாட்டாவின் தற்கால இசை என்று சாந்தாவோலாயா தொடர்ந்து வலியுறுத்திவந்தார். தொகுப்பின் தலைப்பும் அதையே சுட்டுகிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானிய மாலுமிகள் அக்கழிமுகத்துக்கு இட்ட பழைய பெயர் அது. டேங்கோவோடு மிலோங்கா, காந்தோம்பே, இரு நாடுகளின் ராக், ஹிப்-ஹாப் ஆகிய அனைத்தும் இந்த வட்டார அடையாளத்துக்குள் அடங்கின.

முதல் தொகுப்பிலிருந்து இதைப் பிரித்துக்காட்டும் முதன்மைக் கூறு, குழு நேரடியாக வாசிப்பதே. துணுக்குகளும் நிரலாக்கமும் தொடர்ந்தாலும் அவை இசையின் எலும்புக்கூடாக இல்லை. சோசாவின் டிரம்ஸ் மின்னணுத் தாளத்தோடு இணைந்து ஓடுகிறது; ஃபெர்ரேஸின் பந்தோனியானும் கசாயாவின் வயலினும் பழைய திப்பிகா முறைப்படி வெட்டி அழுத்தும் தாளப் பணியை விடாமல் செய்கின்றன. தாளத்தின் பொறுப்பு டிரம்ஸுக்கும் பழைய கருவிகளுக்கும் இடையே மீண்டும் பங்கிடப்படுகிறது. பியாசோலாவின் மின்னணுக் குழு தேடிய சமநிலை இதுதான்.

‘பா பைலார்’ என்ற பகுதி இதற்குத் தெளிவான சான்று. சிறிய பந்தோனியான் சொற்றொடர் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கருவிகள் கூடி அடர்த்தி ஏறுகிறது. திரும்ப வருதலும் படிப்படியான ஏற்றமும் மின்னணு நடன இசையின் இலக்கணம். சொற்றொடரின் வெட்டும் இழுப்பும் டேங்கோவின் இலக்கணம். ஜப்பானின் பந்தோனியான் கலைஞர் ரியோத்தா கொமாட்சு இதில் வாசித்துள்ளார். மெக்சிகோ பாடகி ஹூலியேத்தா வெனேகாஸ் குரல் கொடுத்த பாடல் வடிவமும் உண்டு.

கசாயா பயன்படுத்தும் கருவிகளுள் ஒன்றான உலோகக் குழல் பொருத்திய வயலினும் குறிப்பிடத்தக்கது. ஒலிவாங்கி பரவாத காலத்தில், ஒலிப்பதிவின்போது வயலினின் ஓசையைப் பெருக்க உருவான கருவி அது. 1920களில் ஹூலியோ தெ காரோ அதை வாசித்தே தனி அடையாளம் பெற்றார். கணினி ஒலிகளுக்கு நடுவே அக்கருவியின் மூக்கொலி போன்ற நாதம் எழும்போது, பழைய இசைத்தட்டைத் துணுக்காக வெட்டி ஒட்டாமலேயே பழைய காலத்தின் ஒலி கிடைத்துவிடுகிறது.

விருந்தினர் குரல்கள்

தொகுப்பின் பாடகர் பட்டியல் அதன் நோக்கத்தை வெளிப்படுத்துகிறது. சோடா ஸ்டீரியோ குழுவின் வழியே லத்தீன் அமெரிக்கா முழுதும் அறியப்பட்ட கஸ்தாவோ செராத்தி ‘எல் மரேயோ’ பாடலைப் பாடினார். டேங்கோவை ஒதுக்கிவைத்த அர்ஜென்டினா ராக்கின் முதன்மைக் குரல் ஒன்று பந்தோனியானோடு இணைந்தது இப்பாடலின் வரலாற்று முக்கியத்துவம். ஸ்பெயினின் ராப் பாடகி மாலா ரொத்ரிகேஸ் ‘எல் அந்தேன்’ பாடலிலும், கனடாவின் நெல்லி ஃபர்ட்டாடோ ‘பால்தோசாஸ் மொஹாதாஸ்’ பாடலிலும், இங்கிலாந்தின் எல்விஸ் காஸ்டெல்லோ ‘ஃபேர்லி ரைட்’ என்ற ஆங்கிலப் பாடலிலும் பங்கேற்றனர்.

இவர்கள் அனைவரையும்விட முக்கியமானவர் லாக்ரிமா ரியோஸ். 1924இல் பிறந்த இந்த ஆப்பிரிக்க வம்சாவளி உருகுவே பாடகி, டேங்கோவையும் காந்தோம்பேயையும் ஒருசேரப் பாடியவர். ‘சிக்கிலீனெஸ்’ பாடலைப் பாடிக் கொடுத்த அவர், தொகுப்பு வெளிவரும் முன்பே 2006 டிசம்பரில் மான்டிவிடியோவில் காலமானார். டேங்கோவின் பிறப்பில் இருந்த ஆப்பிரிக்கப் பங்கை அவரது குரலைவிட நேரடியாக உணர்த்தக்கூடியது இத்தொகுப்பில் வேறில்லை.

தாக்கமும் விமர்சனமும்

2008இல் பிரேசிலின் குளோபோ தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘அ ஃபவோரித்தா’ தொடரின் தொடக்க இசையாகப் ‘பா பைலார்’ அமைந்தது. பந்தோனியான் ஒலி அதன் வழியே பிரேசிலின் வீடுகளுக்குள் அன்றாடம் நுழைந்தது. மறுபுறம், மின்னணு டேங்கோ விரைவில் சலிப்பூட்டும் வாய்பாடாகிவிட்டது என்ற விமர்சனமும் எழுந்தது. ஆயத்தத் தாளத்தின் மீது ஒரு பந்தோனியான் சொற்றொடரை வைத்தால் போதும் என்ற போக்கு, விளம்பரங்களுக்கும் விடுதிகளின் பின்னணி இசைக்கும் தீனியானது. இந்த விமர்சனத்தில் உண்மை உண்டு. அலையில் வந்த தொகுப்புகள் பலவற்றில் டேங்கோ அலங்காரமாகவே நின்றது.

இக்காலத்தில் சாந்தாவோலாயா மேற்கொண்ட மற்றொரு பணியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொற்காலத்தின் மூத்த டேங்கோக் கலைஞர்களை ஒன்றுதிரட்டி ‘கஃபே தெ லாஸ் மாயஸ்த்ரோஸ்’ என்ற தொகுப்பை அவர் தயாரித்தார். அதே பெயரில் ஓர் ஆவணப்படமும் வெளிவந்தது. மரபைக் கலைத்துப் புதுக்குவதும் மரபை அதன் சொந்த வடிவில் பதிவுசெய்வதும் ஒரே மனிதரின் கைகளில் ஒரே காலத்தில் நடந்தன. 2009இல் அர்ஜென்டினாவும் உருகுவேயும் கூட்டாக விண்ணப்பித்ததன் பேரில் டேங்கோவையும், உருகுவேயின் விண்ணப்பத்தின் பேரில் காந்தோம்பேயையும் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. டேங்கோ இரு கரைகளுக்கும் பொதுவானது என்று பாஹோஃபோந்தோ இசையில் சொன்னது, அரசுகளின் மட்டத்திலும் ஒப்புக்கொள்ளப்பட்டது. குழு பின்னர் 2013இல் ‘பிரெசெந்தே’, 2019இல் ‘அவுரா’ ஆகிய தொகுப்புகளை வெளியிட்டது.

முடிவுரை

டேங்கோவோடு பிற இசைகள் கலந்த வரலாற்றில் மூன்று கட்டங்கள் தெளிவாகத் தெரிகின்றன. பியாசோலா 1955 முதல் ஜாஸின் சுதந்திரத்தையும், 1974 முதல் மின்கருவிகளையும் டேங்கோவுக்குள் கொண்டுவந்தார். 2001ஐ ஒட்டி எழுந்த தலைமுறை, நிரலாக்கத் தாளத்தின் மூலம் டேங்கோவை மீண்டும் நடன அரங்குக்கு அழைத்துச் சென்றது. ‘மார் டுல்சே’ அந்தத் தொகுப்பறைக் கலப்பை, ஒன்றாக நின்று வாசிக்கும் குழுவின் இசையாக மாற்றியது. டிரம்ஸ் வந்த பிறகும் பந்தோனியான் தன் தாளப் பொறுப்பை இழக்கவில்லை. புவெனஸ் அயர்ஸின் டேங்கோவுக்குள் மான்டிவிடியோவின் காந்தோம்பேயும் ராக்கும் இடம்பெற்றன. எலக்ட்ரோ டேங்கோ அலை அடங்கிய பின்னும் இத்தொகுப்பு கேட்கப்படுவதற்கு அதன் மின்னணு ஒலிகள் காரணமல்ல. டேங்கோவின் கருவிகளை விருந்தாளிகளாக்காமல் வீட்டுக்காரர்களாகவே வைத்திருந்ததுதான் காரணம்.